வண்டி ஒர்க்‌ஷாப்ல நிக்குது... மாத்து வண்டி வாடகையை யார் தர்றது?

திருப்பூர்ல ஒரு ஆர்டர் ஒரே கூரைக்குக் கீழ முடியறது அபூர்வம். நிட்டிங் ஒரு இடம், சாயம் ஒரு இடம், காம்பாக்டிங் இன்னோர் இடம், தையல் வேற எங்கேயோ. இதுக்கு நடுவுல துணி ரோலைச் சுமந்து ஓடுறது குட்டி யானைதான். பல்லடம் ரோட்டுல பின்னாடி வந்த லாரி அதை இடிச்சுட்டா, ரிப்பேர் செலவை இன்ஷூரன்ஸ் பார்த்துக்கும். சர்வேயர் வந்து, பார்ட்ஸ் வந்து, வண்டி வெளியே வர்ற வரைக்கும் துணி எதுல போகும்?

வாடகை வண்டியிலதான். அந்த வாடகையை உங்க பாலிசி தராது. தொடர் நஷ்டத்துக்கு கம்பெனி பொறுப்பில்லைன்னு ஸ்டாண்டர்டு மோட்டார் பாலிசியிலேயே எழுதியிருக்கு. ‘பம்பர் டு பம்பர்’ போட்டிருந்தாலும் இதே கதைதான். அது பார்ட்ஸோட தேய்மானக் கழிவுக்கு மட்டும்.

‘டெய்லி அலவன்ஸ்’னு ஒரு ஆட்-ஆன் இருக்கு. வண்டி ஒர்க்‌ஷாப்ல நிக்கிற நாளுக்கு ஒரு குறிப்பிட்ட தொகை. ஆனா, முதல் சில நாள்களைக் கழிச்சுடுவாங்க, மொத்த நாளுக்கும் உச்சவரம்பு உண்டு. பெரும்பாலும் கார் பாலிசிக்குத்தான் கிடைக்கும். சரக்கு வண்டிக்கு உண்டான்னு ரினியூவலுக்கு முன்னாடியே ஏஜென்ட்கிட்ட கேட்டுடுங்க.

பிரிட்டன்ல நிலைமை வேற. தப்பு எதிராளி மேலன்னா, மாத்து காரைக் கடனுக்கே கொடுத்துட்டு, பில்லை அவரோட இன்ஷூரன்ஸுக்கு அனுப்ப தனி கம்பெனிகளே இருக்கு. கையில காசில்லாம இப்படிக் கடனுக்கு எடுத்தவருக்கு அந்தக் கூடுதல் வாடகையையும் தரணும்னு 2003-ல பிரபுக்கள் சபையே தீர்ப்பு சொல்லிடுச்சு. நம்ம ஊர்ல முதல்ல நம்ம பணம்தான் போகும், அப்புறம்தான் கேட்கவே முடியும்.

கேட்கற இடம், மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம். உயிரிழப்பு, காயத்துக்கு மட்டும்தான் அதுன்னு பலர் நினைக்கிறாங்க. பொருள் சேதத்துக்கும் அங்கே மனு போடலாம், வண்டி ஓடாத நாள் நஷ்டத்தையும் சேர்த்துக் கேட்கலாம். விபத்து கரூர்ல நடந்திருந்தாலும், நீங்க திருப்பூர்ல குடியிருந்தாலோ தொழில் பண்ணினாலோ இங்கேயே மனு போட சட்டத்துல இடமிருக்கு. 2019 திருத்தத்துல ஆறு மாசம்னு கெடு வெச்சிருக்காங்க, தள்ளிப்போடாதீங்க. அடிச்சது டூவீலர் இல்லாத வண்டின்னா, அதோட இன்ஷூரன்ஸ் பொருள் சேதத்துக்குத் தர்ற உச்சம் வழக்கமா 7.5 லட்சம் ரூபாய்.

பிரச்னை எங்கேன்னா, ரோட்டுலயே ஐயாயிரத்தை வாங்கிட்டு ‘பேசி முடிச்சாச்சு’ன்னு கையெழுத்து போட்டுடறோம். ஷிப்மென்ட் அவசரம், ஸ்டேஷனுக்கு யார் அலையறது? புரியுது. ஆனா எஃப்.ஐ.ஆரோ சி.எஸ்.ஆரோ இல்லாம, அந்த லாரி நம்பர்கூட இல்லாம பின்னாடி எதை வெச்சுக் கேட்பீங்க? வாடகை வண்டிக்கும் அப்படித்தான். தேதி, வண்டி நம்பர், எங்கிருந்து எங்கேன்னு எழுதின ட்ரிப் பில் வாங்குங்க. பணத்தை ஜிபேல போடுங்க, கணக்கு நிக்கும்.

கார் வாடகைக்கு எடுக்கறவங்க நம்பர் பிளேட்டையும் பாருங்க. நாமே ஓட்டிட்டுப் போற வாடகை கார்னா கறுப்பு பிளேட்ல மஞ்சள் எழுத்து இருக்கணும். தெரிஞ்சவர் ஓன் போர்டு வண்டியை நாள் வாடகைக்குக் கொடுத்து, அதுவும் எங்கேயாவது இடிச்சா, அந்த டேமேஜ் க்ளெய்மை கம்பெனி மறுக்க வாய்ப்பிருக்கு. அப்போ ரெண்டு வண்டி ரிப்பேரும் உங்க தலையிலதான்.