ஜோடி பிரியக் கூடாது!

அம்மிக் குழவியை ஆட்டுக்கல்லில் போட்டால் மாவு அரைபடுமோ, சகோதரிகளே? காட்டேரிக்குப்பத்திலும் அரைபடாது, அமெரிக்காவிலும் அரைபடாது!

1970-ல் அங்கே வெளிவந்த பி.டி.பி.-11 கம்ப்யூட்டரிலும் இதே கதைதான். கணக்கைச் சுமப்பது டிஸ்க். அதை ஆட்டிவைப்பது கன்ட்ரோலர் என்னும் அட்டை. ஆர்.எல்.01, ஆர்.எல்.02 என்ற இரு டிரைவ்களுக்கும் ஒரே வகைக் கன்ட்ரோலர் போதும். ஆனால், டிஸ்க்கை மாற்றிப் போட்டால் படிக்காது! பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள்; முதலாவதில் 5 மெகாபைட், மற்றதில் தடங்கள் இரு மடங்கு, கொள்ளளவு 10.

உங்களவர் ஆபீஸில் பழைய இயந்திரத்தைக் காயலான் கடைக்குப் போடுகிறார்களா? டிஸ்க்கை மட்டும் எடுத்துவைத்து, டிரைவையும் அட்டையையும் எறிந்துவிட வேண்டாமென்று சொல்லி வையுங்கள். கணக்கு அப்படியே இருக்கும். படித்துச் சொல்லத்தான் நாதி இருக்காது!