ஊர் அடங்கியது, அடுப்பு அடங்கவில்லை

பெருந்தொற்றுக் காலத்தைப் பற்றிப் பேச்சு வந்தால், "முதலில் கொஞ்ச நாள் கஷ்டமாக இருந்தது, அப்புறம் வீட்டோடு பழகிப்போச்சு" என்று முடித்துவிடுகிறவர்களே அதிகம். அந்தப் பழக்கம் யாருக்கும் தானாக வந்துவிடவில்லை. ஒவ்வொரு வீட்டிலும் ஒருத்தி கூடுதலாக உழைத்துத்தான் மற்றவர்களைப் பழக்கியிருக்கிறாள். அந்த உழைப்பு அன்றைக்கும் கணக்கில் ஏறவில்லை, இன்றைக்கும் ஏறியபாடில்லை.

2020 மார்ச் 24 மாலை 6 மணிக்குத் தமிழகத்தில் 144 தடை உத்தரவு அமலுக்கு வந்தது. அன்று நள்ளிரவு முதல் நாடு முழுவதும் 21 நாள் முடக்கம். பின்னர் அது மே 3, மே 17, மே 31 என நீண்டுகொண்டே போனது. ஓர் ஊரை எடுத்துக்கொள்வோம். பழனிக்கு மேற்கே இருக்கும் நெய்க்காரப்பட்டி பேரூராட்சி, கரும்புக்கும் வெல்லத்துக்கும் பேர்போன ஊர். வயல் வேலைக்கு நாடளவில் சீக்கிரமே விலக்கு கிடைத்தது. ஆனால் பஸ் ஓடவில்லை, நூற்பாலைகள் நின்றன, திருப்பூர் பனியன் கம்பெனிகள் மூடிக் கிடந்தன. பழனி மலைக்கோவிலில் பக்தர்களுக்கு அனுமதி இல்லாததால், அந்த ஏப்ரலில் பங்குனி உத்திரம் காவடிக் கூட்டம் இல்லாமலே கழிந்தது. அடிவாரத்தையும் சந்தையையும் ஆலையையும் நம்பிப் பிழைத்த சுற்றுவட்டாரக் குடும்பங்கள் ஒரே நேரத்தில் வீடு திரும்பின.

திரும்பிய வீடு எப்படிப்பட்டது? ஒரு கூடம், ஓரமாக ஒரு சமையல்கட்டு, வாசலில் ஒரு திண்ணை. இந்த அளவு வீட்டில் ஐந்தாறு பேர் வாழ முடிந்ததே, எல்லோரும் ஒரே நேரத்தில் உள்ளே இருக்காததால்தான். காலையில் பிள்ளைகள் பள்ளிக்கூடம், கணவன் வேலைக்கு, மாமனார் டீக்கடைக்கு என்று கிளம்பிவிட்டால் நடுப்பகலில் வீடு கொஞ்சம் மூச்சுவிடும். ஊரடங்கு அந்த நேரத்தைப் பறித்துக்கொண்டது.

அந்த நாட்களின் சமையல்கட்டைச் சற்று அருகில் போய்ப் பார்ப்போம். பள்ளிக்கூடத்தில் சத்துணவு நின்றதால் பிள்ளைகளுக்கு மதியச் சோறும் வீட்டில்தான். டீக்கடை இல்லாததால் காலையில் ஒன்று, பதினொரு மணிக்கு ஒன்று, சாயங்காலம் ஒன்று என்று டீச்சட்டி அடுப்பை விட்டு இறங்கவே இல்லை. இடையில் கபசுரக் குடிநீர் காய்ச்ச வேண்டும். வெளியே போய் வந்தவரின் துணியை உடனே நனைத்துப் போட வேண்டும். வாசலில் மஞ்சள் தண்ணீர் தெளித்து வேப்பிலை செருக வேண்டும். இருபது நொடி கை கழுவச் சொன்னது அரசு. வீட்டில் ஆறு பேர் நாளுக்குப் பத்துமுறை கை கழுவினால் அதற்கான தண்ணீரைத் தெருக்குழாயிலிருந்து எந்த இடுப்பு சுமந்து வரும் என்பது எந்த அறிவிப்பிலும் இல்லை. கேஸ் சீக்கிரம் தீர்ந்துவிடுமே என்று விறகடுப்பைத் திரும்பவும் மூட்டியவர்களும் உண்டு.

இதை வெறும் அனுதாபப் பேச்சு என்று தள்ளிவிட முடியாது. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019-ல் நாடு முழுவதும் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு நடத்தியது. சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் 81.2 சதவீதம்; ஆண்கள் 26.1 சதவீதம். அப்படி ஈடுபட்டவர்களிலும் பெண் ஒரு நாளைக்குச் செலவிட்டது 299 நிமிடம். ஆண் செலவிட்டது 97 நிமிடம். குழந்தைகளையும் முதியவர்களையும் பார்த்துக்கொள்ளும் நேரம் இதில் சேராது. ஊரடங்கு தொடங்கும் முன்பே நிலைமை இதுதான். இந்த ஐந்து மணி நேரத்தின் மேல்தான் முடக்கத்தின் பாரம் முழுவதும் வந்து உட்கார்ந்தது.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்வது நியாயமாகாது. 2020 ஏப்ரலில் அரிசி அட்டைதாரர்களுக்கு 1,000 ரூபாயும், அரிசி, பருப்பு, சர்க்கரை, எண்ணெயும் இலவசமாகக் கிடைத்தன. ஜன்தன் கணக்கு வைத்திருந்த பெண்களுக்கு மூன்று மாதம் 500 ரூபாய் வந்தது. 2021-ல் இரண்டாம் அலையின்போது இரு தவணையாக 4,000 ரூபாயும் 14 மளிகைப் பொருட்களும் தரப்பட்டன. இந்த மாநிலம் பட்டினியில் விழாமல் நின்றதற்கு ரேஷன் கடை ஒரு முக்கியக் காரணம். ஆனால் இவை எல்லாமே சமையலறை வாசல் வரைக்கும் வந்த உதவிகள். வாங்கிவந்த அரிசி சோறாக மாறுவதற்கு ஆகும் உழைப்பு, எப்போதும்போல் இலவசம் என்றே கருதப்பட்டது. சமைத்த உணவு தந்த அம்மா உணவகங்கள் பெரும்பாலும் மாநகராட்சி, நகராட்சிகளோடு நின்றன. பேரூராட்சியிலும் கிராமத்திலும் பசி வந்தால் வீட்டு அடுப்பு ஒன்றே கதி.

பள்ளிக்கூடமும் வீட்டுக்குள் வந்தது. 2020 ஜூலையில் கல்வித் தொலைக்காட்சி பாடங்களை ஒளிபரப்பத் தொடங்கியது. ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகள் பள்ளிக்குத் திரும்பியது 2021 நவம்பர் 1-ல்தான். இடைப்பட்ட காலத்தில், இருக்கும் ஒரே செல்போனை மூத்தவனுக்குக் கொடுப்பதா இளையவளுக்குக் கொடுப்பதா என்ற பஞ்சாயத்தும், டி.வி. முன்னால் பிள்ளையைப் பிடித்து உட்காரவைக்கும் வேலையும் அம்மாவின் தலையில் விழுந்தன. எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாத தாய்கூட அந்த ஒன்றரை வருடம் சம்பளமில்லாத டீச்சர்தான்.

கடனும் அவள் பேரில்தான் இருந்தது. ரிசர்வ் வங்கி 2020 மார்ச் முதல் ஆகஸ்ட் வரை தவணையைத் தள்ளிவைக்க வழிசெய்தது. வட்டியை அது நிறுத்தவில்லை. குழுக்கடன் வாங்கிய பெண்களுக்குத் தவணை நாள் வந்தால் வயிற்றில் புளியைக் கரைத்தது. கடனிலிருந்து மட்டுமல்ல, அடியிலிருந்து தப்பவும் வழியில்லை. வீட்டுக்குள் அடி வாங்கியவளுக்கு அம்மா வீட்டுக்குப் போக பஸ் இல்லை. 181 என்ற பெண்கள் உதவி எண் இருந்தது. அடிப்பவன் நாளெல்லாம் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும்போது, அந்த எண்ணை அழுத்தத் தனியாக ஒரு மூலை வேண்டுமே!

ஆண்களும் அவதிப்பட்டார்கள். அதை மறுக்கவில்லை. வருமானம் போய்க் கையைப் பிசைந்துகொண்டிருந்தவர்களின் மனவலி சாதாரணமானதல்ல. சிலர் காய் நறுக்கினார்கள், சிலர் பரோட்டா சுடப் பழகினார்கள். ஆனால் அந்த ஏப்ரலில் தமிழகமே பார்த்துச் சிரித்த காணொளி எது? திருப்பூரில் காவல்துறையின் ட்ரோன் தலைக்கு மேல் வந்ததும், கேரம் போர்டைத் தூக்கித் தலையை மறைத்துக்கொண்டு இளைஞர்கள் ஓடிய காட்சி. நோய்ப் பயத்தையும் போலீஸ் பயத்தையும் மீறி அவர்களை வெளியே தள்ளியது எது? வீடு சிறியது என்பது ஒரு காரணம். வீட்டில் தனக்கென்று ஒரு வேலையும் இல்லை என்று அவர்களை நாம் வளர்த்து வைத்திருப்பது இன்னொரு காரணம். வேலையே இல்லாத இடத்தில் யாருக்குத்தான் பொழுது போகும்?

இத்தனை மாத வீட்டுவாசம் ஆண்களைச் சமையல்கட்டுப் பக்கம் கொஞ்சமாவது நகர்த்தியிருக்கும் என்றுதான் எதிர்பார்த்தோம். அதே நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு 2024-ல் மீண்டும் நடந்தது. வீட்டு வேலையில் பெண்கள் செலவிட்ட நேரம் 299 நிமிடத்திலிருந்து 289 ஆகியிருந்தது. ஆண்கள் செலவிட்டது 97-லிருந்து 88 ஆக இறங்கியிருந்தது. ஊரடங்கு வீட்டைப் பற்றி ஆண்களுக்கு நிலைத்த பாடம் எதையும் சொல்லித்தரவில்லை என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டாம்.

ஆகவே, மனம் மாறட்டும் என்று காத்திருப்பதில் பயனில்லை. ஏற்பாடுகள் மாற வேண்டும். அதற்கான தொடக்கம் தமிழகத்தில் இருக்கிறது. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தைப் பிள்ளைகளின் பசி தீர்க்கும் திட்டமாக மட்டும் பார்க்கிறோம். அது லட்சக்கணக்கான அம்மாக்களின் காலை நேரத்தையும் மிச்சப்படுத்துகிறது. 2023 செப்டம்பர் முதல் வழங்கப்படும் மாதம் 1,000 ரூபாய் மகளிர் உரிமைத்தொகை, வீட்டு வேலைக்கும் மதிப்பு உண்டு என்று அரசு ஒப்புக்கொண்டதன் அடையாளம். இரண்டும் நல்லவை, இரண்டும் போதாது.

பேரூராட்சிகளிலும் ஊராட்சிகளிலும் இடர்காலத்தில் உடனே திறக்கும் பொதுச் சமையற்கூடம் வேண்டும். மகளிர் குழுக்களிடம் அதைச் சம்பளத்தோடு ஒப்படைக்கலாம். தெருக்குழாய்க்குப் பதில் வீட்டுக்குள் குழாய் வேண்டும். பள்ளிக்கூடங்கள் மூடினாலும் ஊட்டச்சத்து நிற்காதபடி அங்கன்வாடிகளுக்கு முன்கூட்டியே திட்டம் வேண்டும். இனி எந்த அரசு "வீட்டிலேயே இருங்கள்" என்று உத்தரவு போட்டாலும், அந்த வீட்டில் தண்ணீர், இடம், ஆள்பலம் என்ன இருக்கிறது என்று கேட்டுவிட்டுப் போடட்டும்.

இவையெல்லாம் அரசின் வேலை. பெற்றோர் செய்ய வேண்டியது ஒன்றும் உண்டு. மகனுக்குச் சோறு வடிக்கவும், தட்டு கழுவவும், தண்ணீர் எடுத்து வரவும் இப்போதே கற்றுக்கொடுங்கள். அதற்கு இன்னொரு பெருந்தொற்று வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.