நியூட்ரல் சிக்கனம்

மலைச்சரிவில் காரை நியூட்ரலில் உருளவிட்டால் பெட்ரோல் மிச்சமாகும் என்பது நம்மவர் கைவிட மறுக்கும் மூடநம்பிக்கை. அது சிக்கனமே அன்று. மின்னணு முறையில் எரிபொருள் செலுத்தும் இன்றைய கார்கள், கியரில் இருக்கையில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் சரிவில் எரிபொருளை நிறுத்திக்கொள்கின்றன. நியூட்ரலிலோ எஞ்சின் அணையாதிருக்கவே பெட்ரோல் செலவாகிறது.

கேடு அதனினும் பெரிது. கியரைக் குறைத்தால் எஞ்சினே சக்கரத்தை இழுத்துப் பிடிக்கும். நியூட்ரலில் முழுச் சுமையும் பிரேக்கின் மேல் விழுகிறது. உராய்ந்து சூடேறிய பிரேக் ஒரு கட்டத்தில் பிடிப்பதில்லை. 2021 பிப்ரவரி 12 அன்று பட்டாசு ஆலை வெடிவிபத்தில் 20-க்கும் மேற்பட்டோர் மாண்டது நமது அச்சங்குளத்தில். மருந்துக் கலவையில் உராய்வுக்கு அஞ்சியே வாழும் வட்டாரம் இது. ஆயினும் இக்கரிசல் சமவெளியில் ஓட்டப் பழகியவர் கொடைக்கானல் இறக்கத்தில் பிரேக்கை மட்டுமே நம்புகிறார்.

பிழை யாருடையது? 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 15-ஆம் விதி, இறக்கத்தில் விரைந்து கீழ் கியருக்கு மாறும் திறனையும் சோதிக்கச் சொல்கிறது. சமதளத் தேர்வுத் திடலில் இறக்கம் ஏது? எட்டுப் போட்டால் உரிமம்!

சரிவு தொடங்குமுன் பிரேக்கால் வேகத்தைத் தணித்து, கிளட்சை அழுத்தி, நான்கிலிருந்து மூன்று, மூன்றிலிருந்து இரண்டு எனக் குறைத்து, கிளட்சை மெல்ல விடவேண்டும். ஏறிய கியரிலேயே இறங்கு என்பது அனுபவப்பட்ட ஓட்டுநர் வாக்கு. திடலில் ஒரு மண்மேடேனும் எழுப்பி இதைச் சோதிக்காத தேர்வு, தேர்வே அன்று.