நீளக் கூந்தல் யார் வீட்டுச் சொத்து?



"ஆப்பிரிக்காக்காரிக்கு முடியே வளராதாம்பா... நம்ம ஊர்ப் பொண்ணுக்குத்தான் முழங்கால் வரைக்கும் தொங்கும்!"

விடுதி டி.வி.யில் ஓட்டப்பந்தயம் ஓடும்போது யாராவது ஒருவர் இதைச் சொல்லாமல் இருப்பதில்லை. சொன்னவரும் சிரிப்பார், கேட்டவரும் சிரிப்பார். ஆனால் இந்த ஒரே பேச்சுக்குள் இரண்டு பொய் இருக்கிறது. ஒன்று அவர்களைப் பற்றியது. இன்னொன்று நம்மைப் பற்றியது. முதல் பொய் அவர்களைக் கேவலப்படுத்துகிறது. இரண்டாவது பொய்யால் அடிபடுவது நம் வீட்டுப் பெண்கள். இரண்டையும் பேசத்தான் நம் மாணவர் பேரவை மலரில் இந்த இடத்தைக் கேட்டு வாங்கினேன்.

முதலில் முடிக் கணக்கு. மனிதத் தலைமுடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளரும். வருஷத்துக்கு 12 சென்டிமீட்டர் என்று வையுங்கள். ஆனால் ஒவ்வொரு முடிக்கும் ஓர் ஆயுள் உண்டு. இரண்டு முதல் ஆறேழு வருஷம் வளரும். பிறகு நின்றுவிடும், உதிரும், அதே குழியில் புதிதாக முளைக்கும். ஆறு வருஷம் வளர்ந்தால் 72 சென்டிமீட்டர். அதாவது இடுப்புக்கு வரும். அதற்குமேல் வரவேண்டுமானால் ஆயுள் கெட்டியான முடி பரம்பரையிலேயே வாய்க்கவேண்டும். உத்தரப்பிரதேசத்தைச் சேர்ந்த ஸ்மிதா ஸ்ரீவஸ்தவா என்பவர் 236.22 சென்டிமீட்டர் கூந்தலுக்காக 2023-ல் கின்னஸ் புத்தகத்தில் இடம் பெற்றார். அவர் தலையில் ஒரு முடி 15, 20 வருஷம் உதிராமல் நின்றிருக்க வேண்டும். அது அபூர்வம். அபூர்வம் என்பதால்தானே புத்தகத்தில் போட்டார்கள்!

கறுப்பினப் பெண்களின் முடியும் இதே கணக்குப்படிதான் வளர்கிறது. வேகம் மட்டும் கொஞ்சம் குறைவு. வித்தியாசம் முடியின் வடிவத்தில் இருக்கிறது. அவர்கள் முடி முளைக்கும் குழியே வளைந்தது. குறுக்கே வெட்டிப் பார்த்தால் முடி உருண்டையாக இல்லாமல் தட்டையாக இருக்கும். அதனால் அது சுருண்டு சுருண்டு வருகிறது. மெக்கானிக்கல் படிக்கும் நமக்கு இதைச் சொல்லவா வேண்டும்? ஒரு கம்பி, அதே கம்பியால் சுற்றிய ஒரு ஸ்பிரிங். இரண்டிலும் கம்பியின் நீளம் ஒன்றுதான். மேஜைமேல் வைத்தால் ஸ்பிரிங் குட்டையாகத் தெரியும். நனைத்து இழுத்தால் தோளைத் தாண்டுகிற முடி, காய்ந்தபின் காதோரம் நிற்பது இப்படித்தான்.

இன்னொன்றும் உண்டு. கட்டுக்கம்பியை ஒரே இடத்தில் திருப்பித் திருப்பி வளைத்தால் பட்டென்று ஒடிகிறதல்லவா? சுருள் முடியில் ஒவ்வொரு வளைவும் அப்படி ஒரு பலவீனமான இடம். தலையில் சுரக்கும் எண்ணெய்ப் பசை நேர்முடியில் வழுக்கிக்கொண்டு நுனிவரை போகும். சுருளில் அவ்வளவு தூரம் போகாது. முடி வறளும். சீப்பு போட்டால் ஒடியும். ஆக, வளரவில்லை என்பது தவறு. வளர்கிறது, ஒடிகிறது! வளரும் வேகத்துக்கு ஒடியும் வேகம் சமமானால் பார்க்கிறவனுக்கு, "முடியே வளரலை" என்றுதான் தோன்றும்.

ஒடியாமல் காத்தால் என்ன ஆகும்? ஆப்பிரிக்காவின் சாட் நாட்டில் பஸாரா இனப் பெண்கள் நீளக் கூந்தலுக்கே பேர்போனவர்கள். 'செபே' என்னும் பொடியை எண்ணெயில் குழைத்து முடியின் நீளம் முழுக்கப் பூசிப் பின்னிவிடுவார்கள். வறளாது, ஒடியாது. நமீபியா நாட்டின் வடக்கே ம்பலாந்து இனத்தில் அந்தக் காலத்தில் பெண்பிள்ளைகளுக்குச் சுமார் 12 வயதிலேயே மரப்பட்டைத் தூளைக் குழைத்துத் தலையில் பூசத் தொடங்குவார்கள். பிறகு மிருகத்தின் நரம்பு இழைகளையும் சேர்த்துத் தரையைத் தொடும் அளவுக்குப் பின்னல் விடுவார்கள்.

"நரம்பு சேர்த்தாங்களா, அப்போ அது ஒட்டு வேலை" என்று சிரிக்காதீர்கள். நம்ம சவுரிக்கு அப்புறம் வருகிறேன்!

அமெரிக்காவில் வாழும் ஆஷா மண்டேலா என்ற கறுப்பினப் பெண்மணியின் சடைமுடியை 2009-ல் கின்னஸ்காரர்கள் அளந்தபோது 5.96 மீட்டர் இருந்தது. சடையில் உதிர்ந்த முடியும் விழாமல் உள்ளேயே சிக்கிக்கொள்ளும், அதனால்தான் அவ்வளவு நீளம். இதை நமக்கு யாரும் விளக்கவேண்டியதில்லை. கிரிவலப் பாதையில் அக்னி லிங்கம் தாண்டி நடந்தால் தலையில் பெரிய கொண்டையாகச் சடையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் சாமியார்களைத் தினமும் பார்க்கிறோம். அதைக் கும்பிடுகிற நாம், அதே சடை ஒரு கறுப்புப் பெண்ணின் தலையில் இருந்தால் ஏன் முகம் சுளிக்கிறோம்?

ஒன்றை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். இடுப்புவரை சொந்தக் கூந்தல் உள்ள கறுப்பினப் பெண்கள் அதிகம் பேர் இல்லை. ஆனால் அதற்கு முடி மட்டும் காரணமில்லை, சரித்திரமும் காரணம். 1786-ல் அமெரிக்காவின் லூசியானாவில், அப்போது ஆண்ட ஸ்பானிய கவர்னர், அடிமையாக இல்லாத கறுப்புப் பெண்கள்கூடத் தலையைத் துணியால் கட்டி மறைக்கவேண்டும் என்று உத்தரவு போட்டார். அவர்கள் அலங்காரம் வெள்ளைக்காரப் பெண்கள் கண்ணை உறுத்தியதாம்! அடிமை முறை ஒழிந்த பிறகும் நேர்முடிதான் 'நல்ல முடி' என்ற எண்ணம் ஒழியவில்லை. வேலை கிடைக்கவேண்டும், நாலுபேர் மதிக்கவேண்டும் என்றால் முடியை நேராக்கு! எதை வைத்து? சூடான இரும்புச் சீப்பு. அதற்குப் பிறகு சோடியம் ஹைட்ராக்சைடு கலந்த களிம்பு. நம் கெமிஸ்ட்ரி லேபில் கையில் படாமல் பிடிக்கச் சொல்வார்களே, அந்தக் காஸ்டிக் சோடாதான்! முடி நேரானது. கூடவே ஒடிந்தது, உதிர்ந்தது. முடியை நேராக்கும் ரசாயனங்களை அடிக்கடி பயன்படுத்திய பெண்களிடம் கருப்பைப் புற்றுநோய் கூடுதலாகக் காணப்பட்டது என்று 2022-ல் அமெரிக்க அரசு நிறுவன ஆய்வு ஒன்று சொன்னது. நம்ம ஊர் பார்லருக்கு 'ஸ்ட்ரெய்ட்டனிங்' பண்ணப் போகும் தோழிகளும் இதைக் கொஞ்சம் காதில் போட்டுக்கொள்ளலாம்.

அந்தப் பெண்களும் சும்மா இருக்கவில்லை. 1867-ல் பிறந்த மேடம் சி. ஜே. வாக்கர் என்ற அம்மையாரின் பெற்றோர் அடிமைகளாக இருந்தவர்கள். இவர் துணி துவைத்துப் பிழைத்தவர். சொந்த முடி உதிர்ந்த கஷ்டத்தில் தலைக்கு மருந்துக் களிம்பு தயாரித்து விற்க ஆரம்பித்து, ஆயிரக்கணக்கான கறுப்பினப் பெண்களுக்கு வேலை கொடுக்கும் முதலாளியானார். 1960-களில் அந்த இளைஞர்கள், "கறுப்பே அழகு" என்று சுருட்டை முடியை அப்படியே வளர்த்துக்கொண்டு தெருவுக்கு வந்தார்கள். 2019-ல் கலிபோர்னியா மாநிலம், இயற்கையான சுருள் முடிக்காகவோ பின்னல், சடைக்காகவோ ஒருவரை வேலையிலும் பள்ளியிலும் ஒதுக்கக் கூடாது என்று சட்டமே போட்டது. முடிக்காகச் சட்டமா என்று கேட்காதீர்கள். முடியை வைத்து வயிற்றில் அடித்தார்கள், அதனால் சட்டம் வந்தது.

இனி இரண்டாவது பொய்க்கு வருவோம். நம்ம பெண்களுக்கு முழங்கால்வரை கூந்தலா? எங்கே? காட்டுங்கள்!

கூந்தல் மணம் இயற்கையா செயற்கையா என்று சிவபெருமானோடு நக்கீரர் வாதாடிய கதை நம்முடையது. கூந்தலின் நீளம் இயற்கையா செயற்கையா என்று மட்டும் யாரும் வாதாடவில்லை. தேரடி வீதிப் பக்கம் வளையல் கடையில் போய்ப் பாருங்கள். ரிப்பனுக்குப் பக்கத்தில் கொத்துக் கொத்தாகச் சவுரி தொங்கும். யாருக்கும் தேவையில்லை என்றால் எதற்காக விற்கிறார்கள்? என் அம்மா கோயில் பக்கம் பூ கட்டி விற்கிறார். பின்னலைப் பற்றி அவரைவிடத் தெரிந்தவர் எனக்குத் தெரிந்து யாருமில்லை. கேட்டதற்குச் சொன்னார்: "இருபது வருசமா பூ வெச்சு விடுறேன். முழங்கால் முடின்னு பாத்தது ஒரு கை வெரலுக்குள்ள அடங்கிடும். கல்யாணப் பொண்ணுங்களுக்கு முக்காவாசி சவுரிதாண்டி!"

இதைவிடப் பெரிய சாட்சி திருமலை. அங்கே காணிக்கையாகச் சேரும் முடியை நீளவாரியாகத் தரம் பிரித்து ஏலம் விடுகிறார்கள். மிக நீளமானது முதல் தரம். அது வருவது கொஞ்சமே கொஞ்சம். மலைபோல் குவிவது ஐந்து அங்குலத்துக்கும் குறைவான முடிதான். ஆண்கள், குழந்தைகள் மொட்டையும் அதில் சேரும், சரி. ஆனாலும் நீளமுடி மலிவாகக் கிடைக்கும் சரக்கு என்றால் அதற்கு அவ்வளவு விலை ஏன்?

அந்த முடி எங்கே போகிறது தெரியுமா? ஒரே வெட்டில் எடுத்த, வேரும் நுனியும் மாறாத முடிக்குச் சந்தையில் 'ரெமி' என்று பெயர். டோப்பாவாகவும் ஒட்டுமுடியாகவும் அது கடல் தாண்டிப் போகிறது. வாங்குகிறவர்களில் பெரும் பங்கு யார்? அமெரிக்காவிலும் ஆப்பிரிக்காவிலும் உள்ள கறுப்பினப் பெண்கள்! கிறிஸ் ராக் என்ற அமெரிக்க நகைச்சுவை நடிகர் 2009-ல் 'குட் ஹேர்', அதாவது 'நல்ல முடி' என்ற பெயரிலேயே படம் எடுத்து, அந்த முடியின் பின்னாலேயே இந்தியாவுக்கு வந்துவிட்டார்.

கோயில் முடிக்குத்தான் ஏலம். எங்கள் வீட்டு முடிக்கு ஸ்டீல் கிண்ணம்! ஆயா காலத்திலிருந்து சீப்பில் வரும் முடியைச் சுருட்டிக் கூரை ஓலையில் செருகி வைப்பது எங்கள் வழக்கம். முடி வாங்குகிறவர் வந்தால் ஊசி கொடுப்பார், பின் கொடுப்பார், நிறைய இருந்தால் ஒரு கிண்ணம். உதிர்ந்த முடியைக்கூட விற்கும் நாம், நம் முடியை வாங்கி வைத்துக்கொள்ளும் பெண்ணைப் பார்த்து, "உனக்கு முடி இல்லை" என்று சிரிக்கிறோம்! இங்கே சவுரி, அங்கே ஒட்டுமுடி. இரண்டு ஊரிலும் பெண்ணை ஒரே கயிற்றால்தான் கட்டி வைத்திருக்கிறார்கள்.

அந்தக் கயிறு எவ்வளவு இறுக்கும் என்று எங்கள் வீட்டுக்குத் தெரியும். என் அக்காவைப் பெண் பார்க்க வந்தவர்களில் ஒரு பெரியம்மா, தலையைத் தடவுவதுபோல் தடவிப் பின்னலைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். சவுரி கையோடு வந்துவிட்டது. "முடி கம்மியாத்தான் கீது... ரெண்டு பவுன் சேத்துப் போட்டுடுங்க" என்றார், கத்திரிக்காய்க்குப் பேரம் பேசுவதுபோல. அந்த இரண்டு பவுனுக்கு அப்பா வாங்கிய வட்டிக் கடன் இன்னும் முடியவில்லை. அக்கா எட்டாவதோடு நின்றவள். எங்கள் குடும்பத்தில் பத்தாவது தாண்டியதே நான்தான். நான் மெக்கானிக்கல் சேர்ந்தபோது சொந்தக்காரர்கள் சம்பளத்தைக் கேட்கவில்லை, பாடத்தைக் கேட்கவில்லை. "மிஷின்ல முடி மாட்டிக்கும், வெட்டச் சொல்லுவாங்க, அப்புறம் எவன் கட்டுவான்?" என்றுதான் கேட்டார்கள்! ஒரு பெண்ணின் படிப்பைவிட அவள் பின்னல் நீளம் பெரிதாகிப் போன ஊரில் உட்கார்ந்துகொண்டு, அடுத்த கண்டத்துப் பெண்ணைக் கேலி செய்ய நமக்கு என்ன யோக்கியதை?

நான் முடி வளர்ப்பதற்கு விரோதி இல்லை. "முடி உள்ள மகராசி அள்ளி முடிகிறாள்" என்பார்கள். தாராளமாக முடியட்டும்! வேண்டுதலுக்கு மொட்டை போடுபவர் போடட்டும். சுருட்டை முடிக்காரி சுருட்டையாகவே வகுப்புக்கு வரட்டும். வெட்டிக்கொள்ள நினைப்பவள் வெட்டிக்கொள்ளட்டும். ஆனால் நீளத்தை வைத்து ஓர் இனத்துக்கு மார்க் போடாதீர்கள், ஒரு பெண்ணுக்கு விலை போடாதீர்கள்.

தோழர்களே, நாளைக்கு நீங்களும் பெண் பார்க்கப் போவீர்கள். உங்களோடு வரும் பெரியம்மாவின் கை பின்னல் பக்கம் நீளும்போது, "விடுங்க பெரியம்மா" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். தோழியரே, ஒர்க்‌ஷாப்பில் லேத் முன்னால் நிற்கும்போது நம் முடியைப் பற்றிக் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே ஒன்றுதான். எவ்வளவு நீளம் என்பதல்ல, காக்கிக் கோட்டுக்குள் ஒழுங்காகச் செருகியிருக்கிறதா என்பதே!

— ஒரு மாணவி,
இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல்