கல்லில் நின்றது, சுருளில் போனது

சிதம்பரம் கிழக்குக் கோபுர வாசலில் நுழைந்தால் என் நடை தானாகவே மெதுவாகிவிடும். இரு பக்கச் சுவர்களிலும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சிறு சதுரங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு கரணம், அதாவது ஒரு நடன நிலை; கூடவே கிரந்த எழுத்தில் நாட்டிய சாஸ்திர சுலோகம். படச்சுருளைத் தொங்கவிட்டது போலிருக்கும். உடம்பு பேசுகிறது, எழுத்து விளக்குகிறது. ஊமைப்படமும் இப்படித்தான் கதை சொன்னது.

தென்னிந்தியாவின் முதல் ஊமைக் கதைப்படமான ‘கீசகவத’த்தை எடுத்தவர் ஆர்.நடராஜ முதலியார். மோட்டார் உதிரிபாக வியாபாரி. பூனாவில் ஸ்டூவர்ட் ஸ்மித் என்ற ஆங்கிலேயரிடம் கேமரா பிடிக்கக் கற்றுவந்து, முதல் உலகப்போர்க் காலத்தில் சென்னை மில்லர்ஸ் சாலையில் ஸ்டுடியோ போட்டார்.

அங்கே வெயில்தான் விளக்கு. உச்சி வெயில் நேராக விழுந்தால் நடிகரின் கண்குழி கறுத்துவிடும். அதனால் மேலே மெல்லிய வெள்ளைத் துணியைக் கட்டி வெயிலை வடிகட்டினார். கேமராவின் கைப்பிடியைக் கையால்தான் சுற்ற வேண்டும். சுற்றுகிற கை சுணங்கினால், திரையில் கதைநாயகி திரௌபதியின் நடை ஓட்டமாகிவிடும்.

சென்னையின் வெக்கை பிலிம் கழுவ ஒத்துவராது. குளிர்ந்த பெங்களூரில் லேப் வைத்தார். எடுத்த சுருள்கள் அங்கே போய்த்தான் படமாயின. எழுத்து அட்டைகள் தமிழ், ஆங்கிலம், இந்தி மூன்றிலும் இருந்தன. இந்தியில் எழுதித் தந்தவர் காந்தியின் மகன் தேவதாஸ்.

35 நாள் உழைப்பு, சுமார் 6,000 அடி பிலிம். அடிக்கு 16 பிரேம் என்றால் 96,000 படங்கள். அவற்றில் ஒன்றுகூட இன்று நம்மிடம் இல்லை. கோபுரத்தின் 108 கரணங்கள் பல நூற்றாண்டுகள் தாண்டி நிற்கின்றன. நூறாண்டுக்கு முந்தைய படத்தை நாம் தொலைத்துவிட்டோம். அந்தக் கால நைட்ரேட் பிலிம் எளிதில் தீப்பிடிக்கும். சும்மா வைத்திருந்தாலும் பிசுபிசுத்துப் பொடியாகும். கல்லைக் காத்தது கல்லின் உறுதி மட்டுமல்ல. விளக்கேற்றி, கூட்டிப் பெருக்கிய கைகளும்தான். பிலிமுக்கு அப்படிக் கைகள் வாய்க்கவில்லை.

பழைய கொட்டகைக்காரர், போட்டோ ஸ்டுடியோக்காரர் குடும்பங்கள் நம் ஊர்களில் இன்னும் இருக்கின்றன. பரணில் துருப்பிடித்த பிலிம் டப்பா கிடந்தால், தயவுசெய்து பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். தீயிலிருந்து தள்ளி வையுங்கள். புனேயில் 1964 முதல் இயங்கும் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். யாரோ ஒருவர் வெயிலில் நின்று கை வலிக்கச் சுற்றிய சுருளாக அது இருக்கலாம்.