சூளையின் அடிமானத்தில் அலை

ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில், ஆங்கஸ் வட்டாரத்து மான்ட்ரோஸ் நகருக்குத் தெற்கே சில கிலோமீட்டர் தள்ளி, வட கடலுக்குள் நீளும் பாடின் முனையில் ஒரு பெரிய கற்கட்டடம் நிற்கிறது. கோட்டை என்று எண்ணிப் படமெடுத்துப் போகிறவர்கள் உண்டு. உண்மையில் அது சுண்ணாம்புச் சூளை. 18-ஆம் நூற்றாண்டின் வேளாண் சீர்திருத்தக் காலத்தில், அமிலம் ஏறிய வயல்களுக்குப் போடச் சுண்ணாம்பு சுட்டுத் தந்தது. சுண்ணாம்பு என்றாலே சுவரை நினைக்கும் நமக்கு, வயலுக்காக இவ்வளவு பெரிய சூளையா என்று தோன்றும். இன்று அதன் அடிவாரத்தை அலை குடைந்துகொண்டிருக்கிறது. ஒரு பகுதி ஏற்கெனவே சரிந்துவிட்டது.

கடலோரத்தில் ஏன் கட்டினார்கள் என்று கேட்பவர்கள் சூளைக் கணக்கு தெரியாதவர்கள். கல் அந்த முனையிலேயே வெட்டக் கிடைத்தது. நிலக்கரி படகில் வந்தது. 100 கிலோ தூய சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் மிஞ்சுவது 56 கிலோ. மீதி கரியமில வாயுவாகப் போய்விடும். எனவே சுட்ட பிறகு ஏற்றினால்தான் கூலி கட்டுப்படியாகும். அந்தச் சரக்கோ நனைந்தால் கொதிக்கும், மரக்கலத்தையே கொளுத்திவிடும். மாட்டுவண்டிக்குக்கூடச் சரியான பாதை இல்லாத நாட்டில் இதற்கெல்லாம் தோது கரையோரம்தான். ஃபைஃப் பகுதியின் சார்ல்ஸ்டவுனில் 14 சூளைகள் வரிசையாகக் கரையில் நிற்பதும், நார்தம்பர்லாந்தின் லிண்டிஸ்ஃபார்ன் தீவுச் சூளைகளுக்கு டண்டீயிலிருந்து கப்பலில் கரி வந்ததும் இதே கணக்கில்தான்.

விரிசலைக் கண்டால் நம் கை காரைக்குப் போகும். எந்தச் சுண்ணாம்பு, மணல் எவ்வளவு, கிரவுட் எத்தனை லிட்டர் என்று உடனே மதிப்பீடு போட ஆரம்பித்துவிடுவோம். பாடின் போன்ற இடத்தில் அந்தப் பழக்கம் நம்மை ஏமாற்றும். இத்தகைய சூளையின் உடல் மூன்று அடுக்கு. வெளியே கனத்த கற்சுவர். உள்ளே குழியைச் சுற்றித் தீ தாங்கும் உட்சுவர். இரண்டுக்கும் நடுவே உடைகல், சாம்பல், மண் போட்டு அடைத்த நிரப்பு. அந்த நிரப்பைப் பிடித்து நிறுத்துவது வெளிச்சுவரின் எடையும் அடிமானமும். அலை அடிமானத்தைத் தோண்டினால் முதலில் மூலைக்கல் இறங்கும், பிறகு வெளிச்சுவர் விலகும், அப்புறம் நிரப்பு மூட்டை பிரிந்த நெல்லாகக் கொட்டும். மேலே செய்த பாயின்டிங் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் இதைத் தடுக்காது. சிமென்டில் செய்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். சூளையின் மேல்வாய் திறந்தது. இறங்கும் மழைநீர் வெளியேற வழியின்றி நிரப்பை ஊறவைத்துச் சுவரை வெளியே தள்ளும்.

சரி, அடியைத் தாங்கிக் கட்டலாமே? வற்றுநீர் கிடைக்கும் சில மணி நேரத்துக்குள் வேலை முடிய வேண்டும். நீரில் இறுகும் சுண்ணாம்பே ஆனாலும் அடுத்த ஏற்றத்துக்குள் அலையடியைத் தாங்கும் அளவுக்கு இறுகாது. விரைந்து இறுகும் இயற்கை சிமென்ட் உண்டு, கடல்சார் கட்டுமானத்தில் அது பழகிய பொருள்தான். ஆனால், சாய்ந்து நிற்கும் சுவருக்குக் கீழே கொல்லுற்றோடு ஒரு கொத்தனாரை உட்காரவைக்க எந்தப் பொறியாளரும் கையெழுத்துப் போடக் கூடாது. பாறை கொட்டித் தடுப்பது இன்னொரு வழி. அது அலையின் வேகத்தைப் பக்கத்து நிலத்துக்குத் திருப்பிவிடும் என்பதை நம் கரையில் தூண்டில் வளைவுக்கு அப்பால் குடியிருக்கும் எந்த மீனவரும் விளக்குவார்.

அரிப்பின் வேகத்தைக் கணிப்பதிலும் கவனம் வேண்டும். பாடினுக்கு வடக்கே மான்ட்ரோஸ் கோல்ஃப் திடலின் சில இடங்களில் 30 ஆண்டுகளில் கடல் சுமார் 70 மீட்டர் உள்ளே வந்துவிட்டது. அது மணல். அந்த எண்ணை எடுத்துச் சூளைக்கு ஆயுள் கணிக்க முடியாது. பாறை முனையில் நிற்கும் கட்டடம் ஆண்டுக்கு இவ்வளவு என்று தேய்வதில்லை. பல காலம் ஒன்றும் நடக்காமல் இருந்து, ஒரே புயல் இரவில் ஒரு மூலை முழுதாகப் போகும். ‘போன வருஷம் போலத்தான் இருக்கிறது’ என்ற ஆய்வுக் குறிப்பை நம்பி யாரும் தூங்கக் கூடாது.

பெயர்த்து நகர்த்தியதற்கும் முன்மாதிரிகள் உண்டு. அமெரிக்காவின் கேப் ஹாட்டெரஸ் கலங்கரை விளக்கத்தை 1999-இல் சுமார் 880 மீட்டர் உள்ளே நகர்த்தினார்கள். ஷெட்லாந்தின் பிரெஸ்ஸே தீவில், கடல் தின்றுகொண்டிருந்த வெண்கலக் காலத்துக் கற்கட்டமைப்பு ஒன்றைப் பிரித்தெடுத்து ஊர் மரபு மையத்தின் பக்கத்தில் மீண்டும் அடுக்கினார்கள். சூளைக்கு இரண்டுமே ஒத்துவராது. நிரப்போடு தூக்க முடியாது. நிரப்பை எடுத்துவிட்டால் சூளையின் தொழில் வரலாற்றில் பாதி போய்விடும்.

பாடினில் கரைக்காவலுக்குப் போடும் பணம் வீண் என்பது என் கருத்து. அங்கே முதல் செலவு பதிவுக்குப் போக வேண்டும். பதிவு என்றால் முகப்பை மட்டும் ஸ்கேன் செய்து அழகான முப்பரிமாணப் படம் போடுவதல்ல. ஃபைஃபின் வீமிஸ் குகைகளில் சுவர்ச் செதுக்கல்களை அப்படி எண்மத்தில் பதிந்து வைத்திருப்பது நல்ல வேலை. சூளையில் தேவை வேறு. குழியின் உட்சுவரில் எந்த உயரம் வரை கல் உருகிக் கண்ணாடியாகியிருக்கிறது, அடிவாயின் வளைவில் இரும்பு இருந்த தடம் எங்கே, ஒட்டிக்கிடக்கும் கசடில் கரியா மரமா: சூளை எப்படி ஓடியது என்பதை இவைதான் சொல்லும். இன்னொன்று, கேட்கச் சங்கடமாக இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும். ஒரு மூலை சரியும்போது, எந்த அகழாய்வுக்கும் அனுமதி கிடைக்காத குறுக்குவெட்டு ஒன்று திறக்கிறது. அடுத்த சில ஏற்றநீருக்குள் அது கழுவிப்போகும். அதைப் படமெடுக்க அந்த வாரமே ஊரில் ஆள் வேண்டும். ஸ்காட்லாந்தில் 2012 முதல் 2016 வரை நடந்த கடலோர மரபுத் திட்டம் தன்னார்வலர்களிடம் கரையோர இடங்களின் நிலையைப் புதுப்பிக்கும் வேலையைக் கொடுத்தது இந்தத் தேவையை உணர்ந்துதான்.

நம் பக்கம் தரங்கம்பாடியில், 1306-இல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்த மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியைக் கடல் கொண்டுபோனது. பாறை கொட்டி மிச்சத்தைக் காத்தார்கள்; கோயில் என்பதால் குரல் கொடுக்க ஊர் இருந்தது. பழவேற்காடு தொடங்கிக் கரை நெடுக எரிந்த கிளிஞ்சல் சூளைகளுக்கு யார் குரல் கொடுப்பார்கள்? அந்தச் சுண்ணாம்பில் எழுந்த மாளிகைகளுக்குப் பாதுகாப்புத் திட்டம் எழுதும் நாமே அந்தச் சூளைகளை அளந்து வைத்ததில்லை. செங்கல்லும் சேறுமாக நிற்பவை, ஒரு ஐப்பசிப் புயலுக்குத் தாங்காதவை.

கரையோரம் வேலை செய்யும் வாசகர்கள் தம் ஊர்ச் சூளை ஒன்றையாவது வடகிழக்குப் பருவத்துக்கு முன்னும் பின்னும் ஒரே இடத்தில் நின்று, அளவுகோல் வைத்துப் படமெடுத்து அனுப்புங்கள். அலைக்கோட்டிலிருந்து அடிமானம் எத்தனை மீட்டர் என்று நாடா பிடித்து அளந்து, தேதியும் ஏற்றவற்ற நேரமும் எழுதுங்கள். சூளை போட்டவர் யாராவது இருந்தால் கிளிஞ்சலையும் கரியையும் எப்படி அடுக்கினார், எத்தனை நேரம் ஊதினார், வெந்ததை எதைப் பார்த்துக் கண்டுகொண்டார் என்று அவர் சொல்லும் சொல்லிலேயே குறித்துக்கொள்ளுங்கள். கட்டுரையாக வேண்டாம், கையால் போட்ட வரைபடம் போதும். அடுத்த இதழிலிருந்து இதற்குப் பக்கம் ஒதுக்குகிறோம்.