மணல் வடிகட்டி வேண்டும்; அதோடு நிர்வாகத்தின் கடமை தீர்ந்துவிடாது



வயிற்றுப்போக்கோடு வரும் பிள்ளைக்கு உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுத்துத் தேற்றி அனுப்பிவிடலாம். ஆனால் வீட்டுக்குப் போய் அதே தண்ணீரைத்தானே அது குடிக்கப்போகிறது? குழாய்த் தண்ணீர் வராத, வந்தும் அடிக்கடி நின்றுபோகிற லயங்களில் ஆற்று நீரோ குட்டை நீரோதான் கதி. அங்கே மணல் வடிகட்டி கட்டாயம் வேண்டும் என்பது என் கருத்து.

"மணலுக்கு அவ்வளவு சக்தியா?" என்று சிலர் சிரிக்கிறார்கள். 1892-இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரம் எல்ப் ஆற்று நீரை வடிகட்டாமல் குடித்தது. காலராவில் 8,000 பேருக்கு மேல் மாண்டார்கள். பக்கத்து ஊரான அல்தோனா, ஹாம்பர்க்கின் கழிவு கலந்த பிறகுதான் அதே ஆற்றில் தண்ணீர் எடுத்தது. ஆனால் மணலில் வடிகட்டிக் கொடுத்தது. அந்த ஊர் பெரும்பாலும் தப்பியது.

செய்முறை சுலபம். 200 லிட்டர் பிளாஸ்டிக் டிரம் ஒன்று எடுங்கள். புல்லு மருந்து இருந்த டிரம் கூடவே கூடாது. அடியில் 4 அங்குலம் கல்லும் பொடிக்கல்லும், அதன்மேல் நன்றாக அலசிய மெல்லிய ஆற்று மணல் 22 அங்குலம். அடியிலிருந்து வரும் குழாயை வெளியே மேலே தூக்கி, மணல் மட்டத்துக்கு 2 அங்குலம் உயரத்தில் வாய் வையுங்கள். அப்போதுதான் மணல் எப்போதும் நீருக்குள்ளேயே இருக்கும். மணிக்கு 25 லிட்டருக்கு மேல் இறங்க விடாதீர்கள். கலங்கல் நீரை ஓர் இரவு தெளியவைத்து ஊற்றுங்கள். டிரம்மை மூடியே வையுங்கள். இல்லாவிட்டால் டிங்கிக் கொசு குடியேறிவிடும்.

இரண்டு மூன்று வாரத்தில் மணல் மேலே வழவழப்பாக ஒரு படலம் பிடிக்கும். "சீ, அழுக்கு" என்று சுரண்டிவிடாதீர்கள் அம்மா! கிருமியைத் தின்கிற வேலையாளே அதுதான். நீர் இறங்குவது ரொம்பவும் மந்தமானால் மட்டும் மேல்மணலை லேசாக வழித்தெடுங்கள்.

கண்ணாடி மாதிரி தெளிந்துவிட்டதே என்று அப்படியே குடிக்கவும் வேண்டாம். மணலுக்குத் தப்புகிற கிருமி உண்டு. புரண்டு கொதித்த பிறகு ஒரு நிமிடம் விட்டு இறக்குங்கள். புல்லு மருந்தும் உரமும் கலந்த நீரை மணலும் சுத்தம் செய்யாது, நெருப்பும் சுத்தம் செய்யாது. மருந்து அடிக்கும் காட்டுக்குக் கீழே ஓடும் நீரைத் தொடவே வேண்டாம்.

கடைசியாக ஒன்று. தொழிலாளிக்கு வீடு கொடுக்கிற முதலாளி இலவசமாகப் போதிய குழாய்த் தண்ணீரும் கொடுக்கவேண்டும் என்று 1990-ஆம் ஆண்டின் 446-ஆவது சட்டம் சொல்கிறது. "அதான் டிரம் வைத்திருக்கிறீர்களே" என்று எந்த நிர்வாகமாவது கைகழுவினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். டிரம் இன்றைய தாகத்துக்கு. குழாய் நம் உரிமை. வீட்டில் வடிகட்டியை வையுங்கள், தோட்டக் கமிட்டியில் குழாயைக் கேளுங்கள். ஒன்றைச் செய்துவிட்டு மற்றதை விட்டுவிடாதீர்கள்.